பாசி குடித்த தண்ணீர்

தேங்காய்த் தும்பை முறுக்கிப் பிடித்துத் தேய்க்கத் தேய்க்கப் பச்சை சுருண்டு கழன்றது. பாதி விரல்களில் ஒட்டிக்கொண்டது. பாதி கிணற்றுக்குள் விழுந்து, அமிழாமல் மிதந்தது. அவள் முழங்காலிட்டுக் கிணற்றுக் கட்டின்மேல் வயிற்றை அழுத்தி, கையை எட்டியமட்டும் உள்ளே விட்டு, இரண்டு கொங்கிறீட் வளையங்கள் சேரும் மூட்டில் இன்னொரு தடவை தேய்த்தாள்.

"மாமி, தலைகீழா விழப்போறீங்க. பிறகு வீட்டில ரெண்டு கத்தம் ஓத வேண்டி வரும்."

குசினி வாசலில் நின்று சொன்னவள் மருமகள் சிபானா. இடுப்பில் தவழத் தொடங்கிய பிள்ளை.

"விழுந்தா நல்லந்தானே. நாளைக்கு ஆக்கிற சோத்தோட ரெண்டையும் முடிச்சிரலாம்," என்றாள் ஃபஹ்மியா, நிமிராமலே.

நாளை வெள்ளிக்கிழமை. அவளுடைய புருசன் இஸ்ஹாக் மவுத்தாகி மூன்று வருசம் நிறைகிறது. ஜும்ஆ முடிந்து ஆட்கள் வருவார்கள், இறந்தவன் பேரில் குர்ஆன் கத்தம் ஓதுவார்கள், சோறு சாப்பிட்டுப் போவார்கள். அதற்காக வீட்டைக் கழுவினார்கள், பாய்களைத் தட்டினார்கள். கிணற்றைக் கழுவச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. அது ஃபஹ்மியாவின் சொந்த யோசனை.

யோசனையைக் கிளப்பியவன் மகன் ஹஸ்மி. கண்டக்குழியில் வெளிநாட்டுக்காரர் தங்கும் விடுதி ஒன்றில் அவனுக்குச் சமையல் வேலை. பிள்ளை தவழத் தொடங்கிய கிழமையே கிணற்றைத் தூர்த்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டான். கட்டு முழங்கால் உயரம். இன்று தவழ்கிற பிள்ளை நாளைக்குக் கட்டைப் பிடித்து எழும்பும், அதற்கடுத்து எட்டிப் பார்க்கும்.

"வாப்பா வெட்டின கிணறு மகன்."

"வாப்பா வெட்டினதுதான், ஆரு இல்லண்டா? இப்ப அதில ஆரு உம்மா குடிக்கிறா? ஒரு மனுசன் குடிக்கிறாரா?"

அந்த இடத்தில்தான் அவளுக்குத் தைத்தது. கிணறு வெட்டி முடித்த அன்று இஸ்ஹாக் நாலு பேரைக் கூட்டி வாயால் சொன்னான்: இது ஸதக்கா, யாரும் வந்து அள்ளலாம், வீட்டாரைக் கேட்கத் தேவையில்லை. அப்படித் தர்மமாகக் கொடுத்த கிணற்றில் யாராவது குடிக்கும்வரை கொடுத்தவனுக்கு நன்மை போய்க்கொண்டிருக்கும். அவன் மவுத்தான பிறகும் கபுறுக்குழிக்குள் போகும். ஃபஹ்மியா இதைக் கிதாபில் படித்தவள் இல்லை. நெருப்பு மூட்டினால் சோறு வேகும் என்பதுபோல அவளுக்கு இது தெரியும். கிணற்றை மண் போட்டு மூடினால் அந்த நன்மை நின்றுவிடும். மூடாமலே ஏற்கெனவே நின்றிருக்குமோ என்பதை அவள் யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

தாயும் மகனும் கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். கத்தத்துக்கு வருகிறவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் கிணறு இருக்கும், கட்டை உயர்த்திக் கட்டுவது. குடிக்காவிட்டால் ஒரு லோட் மண்.

"நீங்களும் நானும் குடிச்சாக் கணக்கில்ல," என்றான் ஹஸ்மி.

"வீட்டாக்கள் குடிக்கிறது ஸதக்காவா?" என்றாள் அவளும். உண்மையில் அவள் குடிப்பதும் இல்லை. பிரஷர் மருந்து எழுதிய டொக்டர் உப்புத் தண்ணீரை விடச் சொல்லிவிட்டார்.

பாசி பிடித்த கிணற்றில் இந்தக் காலத்தில் யார் குடிப்பார்கள்? அதனால்தான் தும்பும் வாளியும். தேய்த்து முடித்து, பிள்ளைக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் கேட்டு வாங்கி வந்த குளோரின் தூளையும் கரைத்து ஊற்றினாள். அளவு தெரியாது. வெள்ளை வெளேரென்று ஆகட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கத்தார் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்ட, மன்னாரிலிருந்து வள்ளத்தில் கொண்டுவந்து கற்பிட்டிக் கரையில் இறக்கியபோது ஃபஹ்மியா புதுப்பெண். கையில் ஒரு பன்புல் பை. அதற்குள் கல்யாணப் பட்டு. அவசரத்தில் கைக்குப் பட்டதைத்தான் எடுத்து வைத்திருந்தாள். குறிஞ்சிப்பிட்டியில் ஒரு ஹாஜியார் தென்னந்தோட்டத்தின் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக எழும்பின. ஒருவன் இருமினால் அடுத்த கொட்டிலில் பிள்ளை முழித்துக்கொள்ளும். கிடுகு இருந்தது, நிவாரண அரிசி இருந்தது. தண்ணீர்தான் இல்லை. ஊராருடைய கிணறுகளுக்குப் போய் நிற்க வேண்டும்.

அப்படிப் போய் நின்ற கிணறு ஒன்றின் சொந்தக்காரி ஸக்கியா. ஊர்க்காரி, இவள் வயசுதான். குடம் வரிசையாக இருக்க வேண்டும், வாளி தரையில் படக்கூடாது, சிரிப்பு சத்தம் கேட்கக்கூடாது என்று ஆயிரம் சட்டம் வைத்திருந்தாள். முதல் கிழமையே இருவருக்கும் சண்டை. இரண்டாம் கிழமை ஸக்கியா ஒரு சிரட்டை கருவாட்டுச் சம்பலைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனாள்.

இஸ்ஹாக் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனான். மன்னாரில் அவன் கிணறு வெட்டியவன் இல்லை, சைக்கிள் ஒட்டுப்போடுகிறவன். ஆனால் மனைவி குடத்தோடு அடுத்தவர் வாசலில் நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. கொட்டில் நின்ற காணித் துண்டைச் சொந்தமாக்கிய வருசம் தோண்ட ஆரம்பித்தான். இது மணல் தரை. கொங்கிறீட் வளையத்தை வைத்து, அதற்குள் நின்று மணலை அள்ள வேண்டும். அள்ள அள்ள வளையம் தன்பாரத்தில் இறங்கும். பிறகு அதன்மேல் அடுத்த வளையம். இஸ்ஹாக் தலை தெரியாத ஆழத்துக்குப் போய்ச் சத்தம் போட்டான்.

"புள்ள! இனிப்பு!"

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். சீனியா கிடைத்தது உள்ளே? ஆனால் உண்மையில் இனிப்புத்தான். கடல் ஒரு பக்கம், உப்புநீர்க் களப்பு மறுபக்கம், நடுவில் மணலுக்கடியில் அவ்வளவு நல்ல தண்ணீர்.

பிறகு வரிசை இவள் வாசலுக்கு மாறியது. விடிந்தால் குடங்கள். பிளாஸ்ரிக் குடம், அலுமினியக் குடம், மூடியில்லாத எண்ணெய் டின். இஸ்ஹாக் சொன்ன சொல்லுக்காக அவள் ஒருவரையும் தடுக்கவில்லை. ஆனால் யார் முதல் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டாள். ஸக்கியாவின் கிணறு ஒரு கோடையில் வற்றியபோது அவளும் குடத்தோடு வந்து நின்றாள். ஃபஹ்மியா அவளைக் கடைசியில் நிற்கச் சொன்னாள். ஸக்கியா முன்னாலிருந்த குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். அன்று சிந்திய தண்ணீரில் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டியிருக்கலாம்.

பாசியை அவள் முதலில் கண்டது அந்தக் கோடையில்தான். உப்புக்காற்று அடிக்கிற இந்தக் கரையில் அது கண்ட இடத்திலும் வராது. குளத்தில் மிதக்கிற, கால் வைத்தால் வழுக்குகிற பாசி வேறு. இது சீமெந்தில் வெல்வெட் துணி ஒட்டியதுபோல் கிடக்கும். நல்ல தண்ணீர் சொட்ட வேண்டும், வெயில் நேரே விழக்கூடாது. பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கும் குழாய்க்குக் கீழே, குளிக்கிற இடத்துச் சுவரின் நிழல் பக்கம், கிணற்று வளையங்களின் மூட்டு, அவ்வளவுதான். வெயில் காலத்தில் கறுத்துச் சுருண்டு செத்ததுபோல் கிடக்கும். ஒரு கை தண்ணீர் பட்டால் போதும், கண்ணுக்கு முன்னாலேயே விரிந்து பச்சையாகும். கட்டுக்கு வெளியே, குடங்களை இறக்கி வைக்கிற பக்கத்தில், சண்டை நடந்த நாட்களில் அது நல்ல பச்சையாக இருந்தது.

மாரி முடிகிற நேரம் அதிலிருந்து நூல்போலத் தண்டுகள் கிளம்பும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கடுகுத் தலை, தலைமேல் கூராக ஒரு மூடி. இஸ்ஹாக் பல் தீட்டிக்கொண்டே குந்தியிருந்து பார்ப்பான்.

"இங்க பாரு, ஓதப்பள்ளிப் பொடியனுகள். எல்லாம் தொப்பி போட்டு நிக்கிறானுகள்."

"வேலைக்குப் போங்க," என்பாள் அவள்.

இப்போது நினைத்தால், அந்தக் கொட்டில் காலத்தைப்போல அவள் வாழ்ந்த காலம் வேறில்லை. இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஒழுகுகிற கூரை, கடன் வாங்கிய உடுப்பு, ஊர் போகலாமா முடியாதா என்று தெரியாத வருசங்கள். ஆனால் விடிய எழும்பும்போது வாசலில் இருபது பெண்கள் நின்றார்கள். யாருக்கு வயிற்றில் பிள்ளை, யாருடைய புருசன் அடித்தான், எந்தத் தோட்டத்தில் நாளைக்கு வேலை, எல்லாம் அவள் முகம் கழுவுவதற்குள் தெரிந்துவிடும். கல்வீடு வந்தது. கொட்டில் ஆட்கள் சிலர் மன்னாருக்கே திரும்பினார்கள். மிச்சப்பேர் மோட்டர் வைத்தார்கள். தோட்டங்கள் பெருகின, உரம் பெருகியது, எல்லோரும் இறைக்க இறைக்கத் தண்ணீரில் மெல்ல உப்பு ஏறியது. பிறகு வான் வண்டியில் ஃபில்டர் தண்ணீர் வந்தது. பிள்ளைக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று மிட்வைஃப் மிஸ்ஸி சிபானாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள். கிணறு துணி துவைக்க மட்டும் என்றாகி, மெஷின் வந்தபின் அதற்கும் இல்லை என்றாகியது. காகம் எதையும் கொண்டுவந்து போடாமல் இருக்க ஃபஹ்மியா பழைய வலைத்துண்டு ஒன்றை மேலே கட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஹஸ்மி விடிய எழும்பிச் சமைத்தான். ஆண்கள் முன்னறையில் ஓதினார்கள். பெண்கள் உள்ளே பாயில் இருந்தார்கள். துஆ முடிந்து, நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் சோற்று ஸஹன்கள் வந்தன. ஒவ்வொரு ஸஹனுக்கும் பக்கத்தில் ஃபஹ்மியா தன் கையால் ஒரு ஜக் தண்ணீர் வைத்தாள். ஃபில்டர் தண்ணீர் வந்த பிளாஸ்ரிக் கானை அலுமாரிக்குப் பின்னால் தள்ளியிருந்தாள்.

ஸக்கியா முதலில் கிளாஸை எடுத்தாள். மூக்குக்கிட்டே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"என்னடி இது? தண்ணியா, ஆஸ்பத்திரி நிலம் கழுவினதா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"குடிச்சுப் பாரு மச்சி. நம்மட கிணத்துத் தண்ணி."

"உன்ட கிணத்துத் தண்ணி எனக்குத் தெரியாதா? அது இப்பிடி மணக்காது."

"ஒரு மிடறு. எனக்காக."

எனக்காக என்றதும் ஸக்கியா அவள் முகத்தைப் பார்த்தாள். வாயில் கொஞ்சம் எடுத்தாள். கன்னம் உப்ப வைத்துக்கொண்டு எழும்பி, யன்னலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"உப்பும் இருக்கு, மருந்தும் இருக்கு. ரெண்டும் சேந்தாக் கடலுக்குத்தான் ஊத்த வேணும்."

மற்றப் பெண்கள் கிளாஸைத் தொடவில்லை. ஒருத்தி ஜக்கை எடுத்துக் கை கழுவினாள். முன்னறையிலும் அதுதான் நடந்தது. திரைச்சீலை இடுக்கால் ஃபஹ்மியா பார்த்துக்கொண்டு நின்றாள். ஓத வந்த றஊப் மௌலவி கிளாஸை உதடுவரை கொண்டுபோய், மரியாதைக்குக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கீழே வைத்தார். யாரோ ஃபில்டர் தண்ணீர் கேட்டார்கள். சிபானா அலுமாரிக்குப் பின்னாலிருந்து கானை இழுத்தாள்.

ஹஸ்மி நிரம்பிய ஜக்குகளைத் திருப்பிக் கொண்டுவந்து குசினி மேசையில் வரிசையாக வைத்தான்.

ஆட்கள் கலையும் நேரம் ஃபஹ்மியா கதவு மறைவில் வந்து நின்றாள்.

"மௌலவி, ஒண்டு கேக்க வேணும்."

"கேளுங்க ராத்தா." றஊப் மௌலவி படியில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வயதில் அவளுக்கு மகன் மாதிரி.

"கிணறு ஸதக்காக் குடுத்தா, மனுசர்தான் அதில குடிக்க வேணுமா?"

"இல்ல. உசிருள்ள எது குடிச்சாலும் நன்மைதான். ஆடு, மாடு, காகம், எறும்பு, எல்லாம் சேரும்."

காகத்துக்கு வலை கட்டியவளே அவள்தான். ஆடு வீட்டில் இல்லை.

"பாசி?"

"என்ன ராத்தா?"

"கிணத்துல புடிக்கிற பாசி. அதுவும் குடிக்கும்தானே. காஞ்சு கிடக்கும், தண்ணி பட்டாப் பச்சையாகும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மௌலவி சிரிக்கவில்லை. ஒரு காலில் செருப்பும் மறு காலில் வெறுமையுமாக நின்று யோசித்தார்.

"நான் ஓதின கிதாபில பாசி என்டு பேர் சொல்லி ஒண்டும் காணல்ல. மரம் நட்டா நன்மை இருக்கு. பாசியும் அல்லாஹ்ட படைப்புத்தான். குடிக்காது என்டு சொல்ல எனக்கு வாய் வராது ராத்தா."

"நேத்து நான் அதெல்லாத்தையும் சுரண்டிட்டன்."

"நீங்க மனசில நினைச்ச நிய்யத்து நல்லதுதானே," என்று முணுமுணுத்துவிட்டு மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு போனார். ஹஸ்மி கையில் ஸஹனோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஃபஹ்மியா கிணற்றடிக்குப் போனாள். வலையைத் தூக்கி உள்ளே பார்த்தாள். சீமெந்து வெளிறிக் கிடந்தது. மூட்டுகளில் தும்பு இழுத்த கீறல். மனிதர் விட்டுப்போன பின்பும் வருசக்கணக்காக அந்தக் கிணற்றில் ஒன்று குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இஸ்ஹாக்குக்குப் போய்க்கொண்டிருந்தது அதுவாகக்கூட இருக்கலாம். அதை அவள் தன் கையால், அவனுடைய கத்தத்துக்கென்றே, தேய்த்து எடுத்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, இரவல் வாங்கிய ஸஹன்களைத் திருப்பிக் கொடுக்க ஸக்கியா வீட்டுக்குப் போனாள். ஸக்கியா பின்வளவில் இருந்தாள். கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியவள், குளிக்கிற இடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழாய் சொட்டுகிற இடத்துக்குக் கீழே, நிலத்தோடு ஒட்டி, ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை.

"என்ன பாக்கிறா? துப்பினதுக்குக் கோவமா?"

"இல்ல மச்சி. எனக்கு இதில கொஞ்சம் வேணும்."

"எதில?"

"பாசியில."

ஸக்கியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சீனி கேட்டு வந்தாக்களக் கண்டிருக்கன், உப்புக் கேட்டு வந்தாக்களக் கண்டிருக்கன். பாசி கேட்டு வந்தவள இன்டைக்குத்தான் காண்றன். கறிக்கா, கசாயத்துக்கா?"

"கிணத்துக்கு."

"நேத்துத் தேய்ச்சவளும் நீதானாமே? சிபானா சொன்னா."

"ஓம். நான்தான்."

"விசர் முத்திப் போச்சுது உனக்கு."

ஃபஹ்மியா மௌலவியிடம் கேட்டதைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பாக இருந்தது, ஆனால் ஸக்கியா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். உள்ளே போய் ஓர் உடைந்த அகப்பையும் சிரட்டையும் கொண்டுவந்தாள். குந்தியிருந்து பாசியை மண்ணோடு பெயர்க்கத் தொடங்கினாள்.

"மெல்ல. வேர் அறுந்திரும்."

"இதுக்கு வேரும் இருக்கா? நீ சும்மா இரு. அந்த நாளையில கிணத்தடியில அதிகாரம் பண்ணின மாதிரி என்ட வளவுக்க பண்ணாத."

"நீ குடத்தக் காலால உதைச்சவ."

"நீ என்னக் கடைசியில நிக்க வெச்சவ. எங்கட கிணத்தில மாசக்கணக்கா அள்ளிப்போட்டு, என்னையே!"

"உன்ட சட்டத்துக்குப் பதில் சட்டம்."

"நல்ல சட்டம்." ஸக்கியா சிரட்டையை நிரப்பி நீட்டினாள். "அந்தத் தண்ணி என்ன ருசி என்ன. வெறும் வயித்தில குடிச்சாலும் சாப்பிட்ட மாதிரி." கொஞ்சம் நிறுத்தி, "இஸ்ஹாக் மச்சானும் நல்ல மனுசன்," என்றாள்.

ஃபஹ்மியா வீட்டுக்கு வந்தபோது ஹஸ்மி கிணற்றுக் கட்டின் அகலத்தைக் கயிற்றால் அளந்துகொண்டிருந்தான்.

"என்ன உம்மா சிரட்டையில?"

"பாசி."

அவன் எட்டிப் பார்த்தான். கேலி பண்ணுவான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"மண் போடல்ல," என்றான் ஹஸ்மி. "மேல கொங்கிறீட் மூடி வார்ப்பம். ஓரத்தில வாளி போற அளவுக்கு ஒரு வாய் விட்டு, அதுக்குக் கம்பிக் கதவு. வெளியில சின்னத் தொட்டி ஒண்டு கட்டினா ரோட்டால போற ஆடு மாடு குடிக்கும். பிள்ள விழாம இருந்தாச் சரி."

"கதைச்ச கதைப்படி நான் தோத்தவளல்லவா மகன்."

"தோத்ததுதான். அதுக்குத்தான் மூடி."

மறுநாள் சனிக்கிழமை. காலையில் மேசன் ஜௌபர் ஓர் உதவியாளோடு வந்தார். கிணற்று வாய்க்குப் பலகை அடித்து, கம்பி கட்டி, மூடி வார்த்தார்கள். வார்ப்பதற்கு முன் ஃபஹ்மியா மூட்டுகளில் ஈரமண் பூசிப் பாசியை அமுக்கி வைத்தாள். பிடிக்குமா என்று ஜௌபரைக் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. தொட்டி பகலுக்குள் முடிந்தது. சீமெந்து இறுகும்வரை தண்ணீர் விட வேண்டாம் என்று சொன்னார். ஸக்கியாவின் ஆடு வந்து வெறும் தொட்டியை மோந்துவிட்டுப் போனது. வலையை எடுத்துச் சுருட்டி விறகுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஹஸ்மி பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண்டக்குழிக்கு வேலைக்குப் போனான். பின்னேரம் ஃபில்டர் தண்ணீர் வான் வந்தது. சிபானா இரண்டு கான் இறக்கினாள்.